வயிற்றுப்போக்கும் பழச்சாறும்

மும்பையில் பழச்சாறு கிடைக்காத இடமே இல்லை. தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் ஜூஸ் கடைகள் உண்டு. மாட்டுங்கா மார்க்கெட்டில் சாத்துக்குடி குவிந்து கிடக்கும். அதை இங்கே மோசம்பி என்பார்கள். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் கரும்புச்சாறு மெஷின் சலங்கை குலுங்கச் சுற்றும். வெயிலில் வேலை செய்து களைத்தவருக்கு ஒரு கிளாஸ் சாறு தெம்பு தரும்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகிறவர்களும் பழம் வாங்கிப் போவார்கள். சயான் ஆஸ்பத்திரி வாசலில் பழ வியாபாரம் நடப்பது அதனால்தான். நோயாளிக்குப் பழச்சாறு நல்லது என்பது நம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்ட எண்ணம்.

காய்ச்சல் வந்தவருக்குச் சாறு கொடுக்கலாம். ஆனால் வயிற்றுப்போக்கு வந்தவருக்கும் கொடுக்கலாமா? குறிப்பாகச் சிறு குழந்தைக்குக் கொடுக்கலாமா? இதில் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு வீட்டுப் பேச்சு

மழைக்காலம். தாராவியில் ஒரு சால். அங்கே ஒரு கோலியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை. அந்த வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ஆச்சி, புள்ளைக்கு விடிஞ்சதிலேருந்து அஞ்சு தடவை வயித்தால போயிட்டு. தண்ணி மாதிரி போவுது."

"தண்ணி குடுக்காதே தாயி. குடுத்தா இன்னும் போவும். பாலையும் நிறுத்து. மத்தியானம் ஒரு மோசம்பி ஜூஸ் வாங்கிக் குடு. தெம்பு வரும்."

"கடையில பெட்டியில விக்குதே, ஆப்பிள் ஜூஸ். அதைக் குடுக்கலாமா ஆச்சி?"

"அது இன்னும் நல்லது. விலை கூடுதலா இருந்தாலும் சுத்தமா இருக்கும்."

ஆச்சி சொன்னது அன்பினால் சொன்னது. ஆனால் அதில் மூன்று தவறுகள் உள்ளன. தண்ணீரை நிறுத்தச் சொன்னது முதல் தவறு. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது இரண்டாவது தவறு. பழச்சாற்றை மருந்தாக நினைத்தது மூன்றாவது தவறு. மூன்றும் சேர்ந்தால் குழந்தை மாலைக்குள் துவண்டு போகலாம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. இரத்தம் ஓடுவதற்கும், இதயம் துடிப்பதற்கும், தசைகள் அசைவதற்கும் இந்தத் தண்ணீரும் உப்பும் தேவை.

நல்ல உடல்நிலையில் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிருமி புகுந்துவிட்டால் இந்த வேலை கெட்டுப் போகிறது. தண்ணீர் மலத்தோடு வெளியே போகிறது. உப்பும் அதோடு போகிறது. வாந்தியும் இருந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இந்த நீர் இழப்புதான். சிறு குழந்தையின் உடம்பு சிறியது. அதனால் அதன் உடம்பு சீக்கிரமே வறண்டுவிடும். உலகில் இன்றும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான சிறு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்கள் எல்லோரும் 5 வயது நிரம்பாதவர்கள். இதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். போன தண்ணீரையும், போன உப்பையும் திரும்பக் கொடுக்க வேண்டும். பழச்சாறு இதைச் செய்யுமா என்பதே கேள்வி.

பழச்சாற்றில் என்ன இருக்கிறது?

பழச்சாற்றில் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை நிறைய இருக்கிறது. பொட்டாசியம் என்னும் ஒரு வகை உப்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் நாம் சமையலுக்குப் போடும் உப்பில் உள்ள சோடியம் மிகமிகக் குறைவு. வயிற்றுப்போக்கில் அதிகமாக வெளியேறுவது இந்தச் சோடியம்தான். அதைப் பழச்சாறு ஈடுசெய்யாது.

சர்க்கரையின் அளவைப் பார்ப்போம். 1 லிட்டர் ஆப்பிள் சாற்றில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லி சாற்றில் 20 கிராம். இது நான்கு அல்லது ஐந்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். கடையில் பிழியும் சாற்றில் மேலும் சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். கரும்புச்சாற்றில் சர்க்கரை இதைவிட அதிகம்.

இந்தச் சர்க்கரை குடலில் என்ன செய்யும்? சமையலறையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உப்பு மாங்காயிலிருந்து தண்ணீரை இழுத்தது. சர்க்கரைக்கும் இந்தக் குணம் உண்டு. குடலுக்குள் சர்க்கரை மிகுந்துவிட்டால் அது உடம்பில் உள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அந்தத் தண்ணீரும் மலத்தோடு வெளியே போகும். பேதி அதிகமாகும்.

ஆப்பிள், பேரிக்காய் ஆகிய பழங்களில் சார்பிட்டால் என்னும் பொருள் உண்டு. அது குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. அதுவும் பேதியைக் கூட்டும். மலச்சிக்கல் உள்ளவருக்கு இந்தச் சாறு உதவுவது இதனால்தான். வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு உதவாததும் இதனால்தான்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்

அப்படியானால் சர்க்கரையே கூடாதா? கூடும். கொஞ்சம் வேண்டும். அளவுதான் முக்கியம்.

குடலின் சுவரில் மிகச் சிறிய வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசலில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் இரண்டும் ஒன்றாக உள்ளே போகும். குளுக்கோஸ் என்பது ஒரு வகைச் சர்க்கரை. இவை உள்ளே போனதும் தண்ணீரும் பின்னாலேயே போகும். கடுமையான பேதியிலும் பெரும்பாலும் இந்த வாசல் வேலை செய்யும். இந்த உண்மையை வைத்துத்தான் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் செய்தார்கள்.

இந்தக் கரைசலின் அருமையை உலகம் கண்டது நம் நாட்டில்தான். 1971ல் வங்காளதேசப் போர் நடந்தது. லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லையில் உள்ள பன்காவ் ஊரில் அவர்களுக்கு முகாம் இருந்தது. அங்கே காலரா பரவியது. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில்கள் போதவில்லை. அங்கே பணி செய்தவர் டாக்டர் திலீப் மஹலனபிஸ். அவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் செய்தார். அதைத் தண்ணீரில் கரைத்து வைத்தார்கள். நோயாளிகளின் உறவினரே அதை எடுத்து வாயில் புகட்டினார்கள்.

முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு அது நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே குறைந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை.  அம்மாவும் அண்ணனும் தங்கையும் கொடுத்த கரைசல் உயிர்களைக் காத்தது. டாக்டர் மஹலனபிஸ் 2022ல் காலமானார். 2023ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பல ஆண்டுகள் இந்தக் கரைசலில் 1 லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருந்தது. 2002ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதை 13.5 கிராமாகக் குறைத்தன. உப்பையும் குறைத்தன. குறைத்த பிறகு பேதியும் வாந்தியும் முன்பைவிடக் குறைந்தன. 20 கிராமே அதிகம் என்று குறைத்திருக்கிறார்கள். பழச்சாற்றிலோ 100 கிராம் இருக்கிறது. இதிலிருந்தே விடை தெரிகிறது.

பெட்டியில் எழுதியிருந்த மூன்று எழுத்து

நம் நாட்டில் அண்மையில் ஒரு பெரிய வழக்காடல் நடந்தது. கடைகளில் பழச்சாறு கலந்த பானங்கள் சிறு பெட்டிகளில் விற்கப்பட்டன. சில பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. மருந்துக் கடையிலும் அவை கிடைத்தன. ஆனால் உள்ளே இருந்தது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கரைசல் இல்லை. அதைப் போலப் பல மடங்கு சர்க்கரை இருந்தது. உப்பு குறைவாக இருந்தது. படித்த பெற்றோரும் இதை மருந்து என்று நம்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்தார். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் போராடினார். நீதிமன்றத்துக்கும் போனார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டது. சரியான அளவில் செய்யாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக் கூடாது என்றது. முன்னாலோ பின்னாலோ வேறு எழுத்தைச் சேர்த்தும் போடக் கூடாது என்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பெயரை மட்டும் படித்தால் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். பொட்டலத்தில் ஆங்கிலம் இருந்தாலும் கவலை வேண்டாம். எண்களைப் படிக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கான பொட்டலத்தில் இந்த நான்கு எண்கள் இருக்கும்.

உப்பு – 2.6 கிராம்
பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
சோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்
குளுக்கோஸ் – 13.5 கிராம்

நான்கையும் கூட்டினால் 20.5 கிராம். 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பொட்டலமும் உண்டு. அதில் எண்கள் சிறியதாக இருக்கும். எவ்வளவு தண்ணீர் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகே கரைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேட்கலாம். அரசு, மாநகராட்சி மருத்துவ நிலையங்களில் இந்தப் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கிளாஸ் ஜூஸ் வாங்கும் காசும் மிச்சம்.

கரைசல் செய்யும் முறை

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.
2. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விட வேண்டும்.
3. சுத்தமான பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளலாம்.
4. பொட்டலம் முழுவதையும் போட்டுக் கலக்க வேண்டும். பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைக்கக் கூடாது.
5. பால், பழச்சாறு, சோடா எதிலும் இதைக் கரைக்கக் கூடாது. மேலும் சர்க்கரை சேர்க்கக் கூடாது.
6. மூடி வைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

இரவு நேரத்தில் பொட்டலம் கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போட வேண்டும். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு வேறு செய்ய வேண்டும். விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிட வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு முறை பேதி ஆன பிறகும் கொடுக்க வேண்டும்.

2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி.
2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி.
அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தாகம் தீரும் வரை.

சிறு குழந்தைக்கு ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கலாம். இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. அதன் வேலை உடம்பு வறளாமல் காப்பது. பேதி பெரும்பாலும் சில நாளில் தானே நிற்கும்.

குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் தேவை. இதை ஜிங்க் மாத்திரை என்பார்கள். ஆஷா பணியாளரோ டாக்டரோ வயதுக்கு ஏற்ற அளவைச் சொல்லித் தருவார்கள். 14 நாள் கொடுக்கச் சொன்னால், இடையில் பேதி நின்றாலும் 14 நாள் முடியும் வரை கொடுக்க வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அடிக்கடி கொடுக்க வேண்டும். சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, பருப்பு, தயிர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

எதைக் குடிக்கலாம்? எதைத் தவிர்க்கலாம்?

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. உப்புப் போட்ட பருப்புத் தண்ணீர், காய்கறி சூப் நல்லது. சுத்தமான தண்ணீர் கொடுக்கலாம்.

இளநீர் கொடுக்கலாம். அதில் பொட்டாசியம் உண்டு. ஆனால் சோடியம் குறைவு. ஆகவே இளநீர் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு ஈடாகாது. அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீரும் பழச்சாறும் குடிக்கக் கூடாது.

பெட்டியில் அடைத்த பழச்சாறு, சோடா கலர், சர்க்கரை தூக்கலாகப் போட்ட சர்பத், கரும்புச்சாறு, இனிப்பு டீ ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காப்பியும் வேண்டாம்.

வீட்டில் பிழிந்த சாறு எப்படி? பெரியவர்களுக்கு லேசான வயிற்றுப்போக்கு என்றால், சர்க்கரை போடாத புதிய சாறு கொஞ்சம் குடிப்பதில் தவறில்லை. தண்ணீர் கலந்து குடிக்கலாம். ஆனால் அது கூடுதல் பானம்தான். கரைசலுக்குப் பதில் ஆகாது. சாற்றில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அது கரைசல் ஆகிவிடாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பழச்சாறு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கனடா நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2016ல் வெளிவந்தது. லேசான வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு ஆப்பிள் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் நன்றாகவே தேறினார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சிலர் சாறு நல்லது என்று சொல்வார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளின் உடம்பு அதிகம் வறண்டிருக்கவில்லை. அவர்கள் 6 மாதத்துக்கு மேற்பட்டவர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த பிறகே வீட்டுக்குப் போனார்கள். நல்ல ஊட்டமும் சுத்தமான குடிநீரும் உள்ள நாடு அது. நம் பகுதியில் நிலை வேறு. இங்கே பேதி கடுமையாக வரலாம். காலராவாகவும் இருக்கலாம். ஆகவே அந்த முறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

6 மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. பேதியானால் அதோடு கரைசல் மட்டும் கொடுக்கலாம். 2 வயது ஆகாத குழந்தைக்கு நல்ல உடல்நிலையிலும் பழச்சாறு வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019ல் சொன்னது. சாற்றைவிடப் பழமே மேல். மசித்த வாழைப்பழம் மிகவும் நல்லது.

ஐஸும் தண்ணீரும்

சாற்றில் இன்னும் ஓர் ஆபத்து உண்டு. அதில் போடும் ஐஸ். மீனைக் கெடாமல் வைக்கவும், சரக்கைக் குளிர்விக்கவும் செய்யும் ஐஸ் வேறு. குடிக்கும் பானத்தில் போடும் ஐஸ் வேறு. முதல் வகை ஐஸ் குடிநீரால் செய்யப்பட்டதாக இருக்காது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால் ஏமாற்று நடந்தது. அதனால் மகாராஷ்டிராவில் 2018ல் உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் சேர்க்கச் சொன்னார்கள். நீல ஐஸைக் கண்டால் அந்தச் சாற்றைக் குடிக்கக் கூடாது. வெள்ளை ஐஸ் என்றாலும் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது. நறுக்கி வைத்த பழமும், ஈ மொய்க்கும் கிளாஸும் கிருமியைக் கொண்டுவரும். வயிறு கெட்டதற்கே கடைச் சாறு காரணமாக இருக்கலாம். அதையே மருந்தாகவும் குடிப்பது சரியாகுமா?

மும்பைக்குத் தண்ணீர் தூரத்து ஏரிகளிலிருந்து வருகிறது. பாட்சா, தான்சா, வைதர்ணா ஆகியவை அவற்றில் சில. மாநகராட்சி அதைச் சுத்தம் செய்து அனுப்புகிறது. ஆனால் பல பகுதிகளில் சில மணி நேரமே குழாயில் தண்ணீர் வரும். தாராவியின் சந்துகளில் குழாயும் சாக்கடையும் அடுத்தடுத்து ஓடும். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். அப்போது உடைசல் வழியே சாக்கடை நீர் உள்ளே புகும். அதனால் குழாய்த் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை மூடி வைக்க வேண்டும். கையை விட்டு மொள்ளக் கூடாது. நீண்ட கைப்பிடி உள்ள அகப்பையால் எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு பெருகியது. தண்ணீர் வடிந்த பிறகு நகரில் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் பரவின. வெள்ளம் வந்தால் சாக்கடையும் குடிநீரும் கலந்துவிடும் என்பதை எல்லோரும் கண்டார்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் விழிக்கவில்லை.
குடிக்க முடியவில்லை, அல்லது குடித்ததெல்லாம் வாந்தியாகிறது.
கண் குழி விழுந்திருக்கிறது. அழுதால் கண்ணீர் வரவில்லை.
பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை.
வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வருகிறது.
மலத்தில் இரத்தம் வருகிறது.
அரிசி களைந்த தண்ணீர் போல நிறையப் போகிறது.
காய்ச்சல் அதிகமாக இருக்கிறது.
3 நாளாகியும் குணம் தெரியவில்லை.

தாராவியில் இருப்பவர்களுக்குச் சோட்டா சயான் என்று மக்கள் அழைக்கும் நகர்நல மையம் இருக்கிறது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்தில் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். செம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் கோவண்டி சதாப்தி மருத்துவமனைக்குப் போகலாம். குடிக்க முடிந்தால் போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

ஆச்சிக்கு என்ன சொல்லலாம்?

பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேச இளம் தாய்மார்கள் தயங்குவார்கள். மரியாதையாகவே சொல்லலாம்.

"ஆச்சி, தண்ணியை நிறுத்தினா புள்ள வறண்டு போயிருமாம். முதல்ல இந்தக் கரைசலைக் குடுப்போம். நீங்களே மடியில வச்சுக்கிட்டு ஸ்பூன்ல குடுங்க. நான் கஞ்சி வைக்கேன்."

"ஜூஸு?"

"நல்லான பொறவு பழமாவே குடுப்போம் ஆச்சி."

புகட்டும் வேலையை ஆச்சியிடமே கொடுத்தால் அவரும் மகிழ்வார். சின்ன ஸ்பூனால் மணிக்கணக்கில் புகட்டப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை வீட்டுப் பெரியவர்களிடம் உண்டு.

நினைவில் வைக்க

வயிற்றுப்போக்கில் உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது.
பழச்சாற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அது பேதியைக் கூட்டலாம்.
முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல்.
பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. 2.6, 1.5, 2.9, 13.5 என்ற எண்களைப் பார்க்க வேண்டும்.
தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.
ஆபத்தான அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் என்ன கொடுப்பீர்கள்? இனி என்ன கொடுப்பீர்கள்?
2. உங்கள் பகுதியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எங்கே இலவசமாகக் கிடைக்கிறது? ஒரு பொட்டலம் வாங்கி வந்து அதில் உள்ள எண்களைப் படித்துப் பாருங்கள்.
3. உங்கள் சந்தில் குடிநீர்க் குழாய் சாக்கடையைத் தொட்டு ஓடுகிறதா? அதை மாநகராட்சி வார்டு ஆபீசில் சொல்ல என்ன செய்யலாம்? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்.